அரை ஹெச்பி மோட்டார் அரை ஹெச்பி தருகிறதா? கயிறும் தராசும் வைத்து ஒரு கணக்கு

[திரையில்: மோட்டாரின் பெயர்த்தகடு. 0.5 ஹெச்பி, 1440 ஆர்பிஎம்]

ரீவைண்டிங், அதாவது உள்ளே கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றும் வேலை, முடிந்து வந்த சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இது. தகட்டில் போட்டிருக்கும் அரை ஹெச்பியை இப்போதும் தருமா? பருத்திக் கயிறு, இரண்டு வில் தராசு, சுழலும் வேகத்தை அளக்கும் ஒரு டேக்கோமீட்டர் இருந்தால் போதும், பார்த்துவிடலாம்.

[நெருக்கத்தில்: புல்லியின் அடியில் கயிறு]

கயிறு புல்லியின் அடியில் சுற்றி, இரண்டு முனையும் மேலே போகிறது. மேலே குறுக்குக் கம்பியில் தராசுகள் தொங்குகின்றன. நட்டைத் திருகினால் கம்பி உயரும், கயிறு புல்லியைக் கவ்வும், மோட்டார் முக்க ஆரம்பிக்கும். நைலான் கயிறு வேண்டாம், சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். சுழலும்போது கயிற்றில் கை வைக்கவே கூடாது.

ஒரு தராசில் 5.1 கிலோ, இன்னொன்றில் 2.0. வித்தியாசம் 3.1 கிலோ. மோட்டார் எதிர்த்து இழுப்பது இவ்வளவுதான். 9.81-ஆல் பெருக்கினால் 30.4 நியூட்டன்.

கயிற்றின் உராய்வு எவ்வளவு என்ற கேள்வியே இங்கே வரவில்லை, கவனித்தீர்களா? 1821-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரோனி செய்த பிரேக்கின் சூட்சுமமும் இதுதான். உராய்வு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அது இழுக்கும் இழுப்பைத் தராசு சொல்லிவிடும்.

[திரையில்: புல்லியின் குறுக்குவெட்டுப் படம்]

அடுத்தது ஆரம். பலருடைய கணக்கு கெடுவது இங்கேதான். புல்லியின் விட்டம் 150 மில்லிமீட்டர், பாதி 75. ஆனால் இழுப்பு கயிற்றின் நடுவில் இருக்கிறது. 10 மில்லிமீட்டர் கயிறு என்பதால் இன்னொரு 5 சேர்த்து 80, அதாவது 0.08 மீட்டர். அந்த 5-ஐ விட்டுவிட்டால் விடையில் 6 சதவீதம் காணாமல் போகும், பழி ரீவைண்டிங் செய்தவர் மேல் விழும்!

30.4 × 0.08 = 2.43 நியூட்டன் மீட்டர். இதுதான் டார்க், அதாவது முறுக்கு விசை.

வேகத்தைத் தராசு பார்க்கும் அதே நேரத்தில், லோடோடு அளக்க வேண்டும். தகட்டு எண்ணை அப்படியே போடக்கூடாது. நமக்கு வந்தது 1430 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 1430 சுற்று. டேக்கோமீட்டர் 2860 என்று காட்டினால் மிரள வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் ஓடும் நாலு போல் (காந்த முனை) மோட்டார் 1500-ஐத் தாண்டாது. டேக்கோமீட்டர் சுற்றை எண்ணுவதற்காகப் புல்லியில் ஒட்டிய ஸ்டிக்கரோடு ஸ்க்ரூவும் பளபளத்து, ஒரு சுற்றை இரண்டாக எண்ண வைத்திருக்கும்.

[திரையில்: பவர் = டார்க் × 2 × 3.14 × ஆர்பிஎம் ÷ 60]

போட்டால் 364 வாட். ஒரு ஹெச்பி என்பது 746 வாட், அதனால் 746-ஆல் வகுத்தால் 0.49 ஹெச்பி. சரி, ரீவைண்டிங் செய்தவருக்குப் பாஸ் மார்க்.

அந்த 364 வாட்டும் கயிற்றிலும் புல்லியிலும் வெப்பமாகத்தான் போகிறது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும், தராசு முள்ளும் நகரத் தொடங்கும். கல்லூரி ஆய்வகத்து இன்ஜின்களில் பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் விடுவார்கள். கரண்ட் மோட்டார் பக்கத்தில் அந்த வேலை வேண்டாம். சட்டென்று குறித்துக்கொண்டு, கயிற்றைத் தளர்த்தி ஆறவிடுங்கள்.

அப்புறம், வயரில் வாட் மீட்டர் போட்டிருந்தால் ஒரு கூடுதல் லாபம். உள்ளே போவது 560 வாட் என்றால் திறமை 65 சதவீதம்.

நட்டை இன்னும் இறுக்கினால் டார்க் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் வேகம் மடமடவென்று சரியும். அதற்குச் சற்று முன் தராசுகள் காட்டியதிலிருந்து வருவதுதான் மோட்டாரின் உச்ச டார்க். சரிவு தொடங்கியதும் நட்டைத் தளர்த்துங்கள். நின்றுபோன மோட்டாரில் கரண்ட் ஓடினால் திரும்பவும் ரீவைண்டிங் கடைக்குத்தான்.