சுவர் வாய் திறந்தால்: பட்டிமன்றத்தில் நான் பேசியது

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, மேட்ச் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"ஸ்டம்புக்குள் ஒளித்து வைத்த கேமராவும் மைக்கும் ஆட்டத்தைக் காக்கின்றனவா, கெடுக்கின்றனவா?" இதுதான் தலைப்பு. காக்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி கெடுக்கின்றன என்று பத்து நிமிடம் வெளுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். கைதட்டலும் நன்றாக வந்தது. பரவாயில்லை.

எங்கள் தெருவில் ஸ்டம்ப் கிடையாது நடுவர் அவர்களே. ஒரு வீட்டுக் காம்பவுண்டு சுவரில் கரிக்கட்டையால் மூன்று கோடு. பந்து கோட்டில் பட்டதா, பக்கத்தில் பட்டதா என்று சொல்ல அம்பயர் வேண்டும். பேட் யாருடையதோ அவன்தான் அம்பயர். பெரும்பாலும் காஜி அடித்துக்கொண்டிருப்பவனும் அவனேதான். நான் பந்து போடுவேன், நடுக்கோட்டில் 'டொப்' என்று விழும். திரும்பிக்கூடப் பார்க்காமல் "படல" என்பான். முடிந்தது தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது, ஏனென்றால் பேட் கிடையாது. அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, இந்தச் சுவர் ஒரு தடவை வாய் திறந்து பேசிவிடக் கூடாதா என்பதுதான்.

1990களில் தொலைக்காட்சிக்காரர்கள் அந்தச் சுவருக்குக் கண் வைத்தார்கள். 28 அங்குல உயரம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தடிமன் கூடாது; அதுதான் ஸ்டம்புக்கு விதி சொல்லும் அளவு. அதில் நடு ஸ்டம்பைக் குடைந்து கேமராவைச் செருகினார்கள். கேமரா நேராகப் பந்தைப் பார்த்து நிற்பதாக நினைக்காதீர்கள். அவ்வளவு ஒல்லியான குச்சிக்குள் குறுக்கே வைக்க இடம் ஏது? அது செங்குத்தாக நிற்கிறது. எதிரே சாய்வாக ஒரு கண்ணாடி, ஸ்டம்பின் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாக வருவதைக் கண்ணாடி திருப்பிக் கேமராவுக்குக் காட்டுகிறது. நம்மூர் அறிவியல் கண்காட்சியில் அட்டைப் பெட்டியில் பெரிஸ்கோப் செய்வோமே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான்.

சரி, தம்பியின் முதல் குற்றச்சாட்டு: "ஒளிந்திருந்து பார்ப்பது திருட்டுத்தனம்." இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, ஏதோ குளியலறையில் கேமரா வைத்த கதைபோலச் சொன்னார். ஐயா, அது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை இருக்கிறது. வீரர்கள் உடை மாற்றும் அறையில் எவனாவது கேமரா வைத்தால் நானும் தம்பியும் சேர்ந்தே போய்ப் புகார் கொடுப்போம். ஆனால் ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கிற இடத்தின் நட்டநடுவில், ஆடுகிற 11 பேருக்கும் எதிரணி 11 பேருக்கும் தெரிந்தே நிற்கிற கேமராவில் என்ன ஒளிவு? அது குச்சிக்குள் இருப்பது பந்து பட்டு உடையாமல் இருக்க. நம் கண்ணிலிருந்து மறைய இல்லை.

ஒளிவு இல்லை என்பதற்கு நானா சாட்சி? விராட் கோலியும் கே.எல். ராகுலும் நம் அஸ்வினும் சாட்சி. 2022 ஜனவரி, கேப் டவுன் டெஸ்ட். அஸ்வின் பந்தில் தென்னாப்பிரிக்காவின் டீன் எல்கருக்கு எல்.பி.டபிள்யூ., அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் தடுத்த அவுட். அம்பயர் கையைத் தூக்கிவிட்டார். எல்கர் ரிவ்யூ, அதாவது மறுபரிசீலனை, கேட்டார். பந்து ஸ்டம்புக்கு மேலே போகிறது என்று திரையில் காட்டியது கணினி. அவுட் கொடுத்த மரே எராஸ்மஸே "இது நடக்காத காரியம்" என்கிற பொருளில் முணுமுணுத்தது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. அப்புறம் என்ன நடந்தது? ஜெயிப்பதற்கு வேறு நல்ல வழி தேடுங்கள் என்று, அந்தப் படத்தைக் காட்டிய ஒளிபரப்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே அஸ்வின் சொன்னார். ஒரு நாடே 11 பேருக்கு எதிராக ஆடுகிறது என்றார் ராகுல். கோலி ஸ்டம்ப் பக்கத்திலேயே வந்து மைக்குக்கு நேராகப் பேசினார். தம்பி இதே சம்பவத்தைச் சொல்லி, "பார்த்தீர்களா, மைக் இருந்ததால் வீரர்கள் மானம் போயிற்று" என்றார். நான் கேட்கிறேன், ஒளித்து வைத்த மைக் என்றால் இவர்கள் எப்படி அதைத் தேடிப் போய்ப் பேசினார்கள்? கோபப்பட்டது நியாயமா என்பது வேறு பட்டிமன்றம். ஆனால் மைக் எங்கே இருக்கிறது, யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துதான் பேசினார்கள். மேடையில் நான் பேசுகிற மாதிரி.

இரண்டாவது, பஞ்சாப் அணியின் பந்துவீச்சாளர் அர்ஷ்தீப் சிங். 2023 ஏப்ரல், வான்கடே மைதானம், மும்பைக்கு எதிராகக் கடைசி ஓவர். திலக் வர்மா, நேஹல் வதேரா இரண்டு பேரையும் அடுத்தடுத்த பந்தில் போல்டாக்கி இரண்டு முறையும் நடு ஸ்டம்பை ஒடித்தார். "லட்சக்கணக்கில் பணம் போச்சே" என்று தம்பி வருத்தப்பட்டார். ஐ.பி.எல்-லில் பணத்தைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் தம்பியாகத்தான் இருப்பார். மேலே போகலாம்.

மூன்றாவது குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. அதை மழுப்ப மாட்டேன். 2019 உலகக் கோப்பை, லண்டன் ஓவல், இந்தியா ஆஸ்திரேலியா. பும்ராவின் பந்து டேவிட் வார்னரின் பேட்டில் பட்டு உருண்டுபோய் ஸ்டம்பில் மோதியது. ஸ்டம்ப் தலையில் வைக்கிற சின்னக் கட்டைகள், அந்தப் பெயில்ஸ், விழவில்லை. வார்னர் அப்போது எடுத்திருந்தது ஒரே ரன். அதற்கப்புறம் 56 வரை போனார். அந்த உலகக் கோப்பையில் இதே மாதிரி பல முறை நடந்தது. ஸ்டம்பை ஓங்கி இடித்தால்தான் பெயில்ஸ் விழுகிறது என்று கோலியே அலுத்துக்கொண்டார். பந்து பட்டும் பெயில்ஸ் நகராவிட்டால் விதிப்படி நாட் அவுட். இது ஆட்டத்தைக் கெடுத்ததுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எது கெடுத்தது? வீரர்கள் விரல் நீட்டியது பெயில்ஸ் மேல். அதற்குள் விளக்கும் பேட்டரியும் வைத்து மினுக்க விட்டார்களே, அந்த ஜிகினா மேல். காற்று பலமாக அடிக்கும் நாளில் கனமான மரப் பெயில்ஸ் வைப்பது இந்த விளக்கெல்லாம் வருவதற்கு முந்தைய வழக்கம். கனம் கூடினால் விழ மறுக்கும் என்பது புதுச் செய்தியும் இல்லை. விளக்கை இன்னும் லேசாகச் செய்யச் சொல்லி நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்காக உள்ளே இருக்கிற மைக்கைப் பிடுங்கச் சொல்லலாமா? அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று தம்பி யோசித்தாரா?

பேட்டில் உரசிய பந்தின் சத்தம் யாருக்குக் கேட்கும்? பேட்ஸ்மேனுக்குத் தெரியும், கீப்பருக்குக் கேட்கும். ஒருவன் சொல்ல மாட்டான், இன்னொருவன் கேட்காவிட்டாலும் கத்துவான். நடுவில் அம்பயர் பாவம். 1990களில் ஆலன் பிளாஸ்கெட் என்ற ஆங்கிலேயக் கணினிக்காரர் ஸ்டம்ப் மைக் பிடித்த சத்தத்தை அலையாக வரைந்து படத்தோடு பொருத்திக் காட்டினார். அதுதான் ஸ்னிக்கோமீட்டர். இன்று அல்ட்ரா எட்ஜ் என்று ஒரு கோடு துள்ளுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோமே, அந்தக் கோடு துள்ளுவது இந்தக் காதால்தான். தம்பி கெடுதல் என்று சொல்வது கீப்பர் கேட்ச்சுக்கு இன்று இருக்கிற முக்கியமான சாட்சியை!

கால்பந்துக்கும் போனார் தம்பி. 2020 ஜூன் 17, கொரோனா இடைவேளைக்குப் பிறகு இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கின் முதல் நாள். ஆஸ்டன் வில்லாவின் கீப்பர் பந்தை அணைத்தபடி கோல் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். வலைக்குள் நிற்கிறார் ஐயா, பந்தோடு! வீட்டில் டிவி பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிகிறது. கோல் என்றால் அதிர வேண்டிய ரெஃப்ரியின் கைக்கடிகாரம் மட்டும் அதிரவில்லை. ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குக் கோல் இல்லை. ஆட்டம் 0-0, வில்லாவுக்கு ஒரு புள்ளி. சீசன் முடிவில் வில்லா 35 புள்ளியோடு தப்பியது, போர்ன்மவுத் 34 புள்ளியோடு கீழ்ப் பிரிவுக்குப் போனது. "கேமராவை நம்பினால் இதுதான் கதி" என்று தம்பி மேசையைத் தட்டினார்.

அந்த மேசையை நானும் தட்டுகிறேன், வேறு காரணத்துக்காக. அன்று கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஏழு கேமராவும் எங்கே இருந்தன? மைதானத்தைச் சுற்றி மேலே. கீப்பரின் உடம்பும் மற்ற ஆட்களும் கம்பமும் ஏழு கண்ணையும் மறைத்துவிட்டன. 9,000-க்கு மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி நடந்ததே இல்லை என்று சொல்லி, அந்தக் கேமராக்களை வைத்த ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அப்படியானால் தோற்றது எந்தக் கேமரா? எட்டி நின்று பார்த்த கேமரா. உள்ளே இருந்தது எதுவும் தோற்கவில்லை, ஏனென்றால் உள்ளே எதுவும் வைக்கப்படவே இல்லை.

உள்ளே வைக்க வழி இல்லாமலா? 2012 ஜூலையில் கால்பந்து விதிகளை வகுக்கும் சபை அனுமதித்தது இரண்டு முறைகளை. ஒன்று இந்த ஹாக்-ஐ. இன்னொன்று கோல்ரெஃப். அது கோல் சட்டத்தோடு காந்தப் புலம் எழுப்பும். பந்துக்குள்ளே கம்பிச் சுருள் இருக்கும். கோட்டைத் தாண்டினால் புலம் மாறும், அதில் தெரிந்துவிடும். கண்ணை மறைக்கலாம், காந்தத்துக்குக் கீப்பரின் முதுகு ஒரு திரையே இல்லை. அந்த ஆண்டு ஜப்பானில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். 2014 உலகக் கோப்பைக்கு வந்தது என்னவோ மேலே 14 கேமரா வைக்கிற முறை. படம் அழகாக இருந்தது, உண்மைதான். ஆனால் போர்ன்மவுத் ஆதரவாளர் ஒருவரைப் பிடித்து, கண் கூரையில் இருக்கட்டுமா கம்பத்துக்குள்ளே இருக்கட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வார்?

மணி அடிக்கிறார்கள். இன்னும் ஒன்று மட்டும் நடுவர் அவர்களே.

கடைசிக் குற்றச்சாட்டு, மைக் ஒட்டுக் கேட்கிறது என்பது. முன்பெல்லாம் ஒரு பந்து முடிந்ததும் மைக்கின் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். 2018 கடைசியில் சர்வதேச கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. அதைத் தளர்த்தியது. மனதைத் தொட்டுச் சொன்னால், அது தெரிந்தபோது எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆடுகிறவன் மூச்சு விட ஒரு நிமிடம் வேண்டாமா? ஆனால் சில மாதத்திலேயே, 2019 பிப்ரவரியில், செயின்ட் லூசியாவில் வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர் ஷானன் கேப்ரியல் ஏதோ சொல்கிறார். அது கேட்கவில்லை. இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட் திருப்பிச் சொன்னது மட்டும் கேட்டது: அதை வசவாகச் சொல்லாதே, ஓரினச் சேர்க்கையாளராக இருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. கேப்ரியலுக்கு நான்கு ஒருநாள் போட்டித் தடை. ரூட் அதை மேடை போட்டுச் சொல்லவில்லை, நடு மைதானத்தில் எதிராளியிடம் சொன்னார். அதனால்தான் அதற்கு மதிப்பு.

அப்புறம் சிட்னி, ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். 2021 ஜனவரி 11. இதைச் சொல்லாமல் நான் இறங்கினால் என் வீட்டிலேயே சோறு போட மாட்டார்கள். ஐந்தாம் நாள், ஐந்து விக்கெட் போயாச்சு. ஹனுமா விஹாரிக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டு ஓட முடியவில்லை. அஸ்வினுக்கு முதுகு. இரண்டு பேரும் 40 ஓவருக்கு மேல் நின்றார்கள். 161 பந்தில் 23 ரன் எடுத்தார் விஹாரி, அவ்வளவு பொறுமை. ஆஸ்திரேலிய கேப்டனும் கீப்பருமான டிம் பெய்ன் பின்னால் நின்றுகொண்டு, உன்னை அடுத்த டெஸ்ட் நடக்கிற காபா மைதானத்தில் பார்க்கத் துடிக்கிறேன் என்று அஸ்வினைச் சீண்டுகிறார். நீ இந்தியாவுக்கு வா, அதுதான் உன் கடைசித் தொடராக இருக்கும் என்கிறார் அஸ்வின். கொஞ்ச நேரத்தில் பெய்ன் கையில் வந்த கேட்ச்சைக் கோட்டை விட்டார். மறுநாள் நடந்துகொண்ட விதத்துக்கு மன்னிப்பும் கேட்டார். காபாவில் அஸ்வின் ஆடவில்லை. காயம்பட்டவர்களுக்குப் பதிலாக வாஷிங்டன் சுந்தரும் நடராஜனும் இறங்கினார்கள், இந்தியா ஜெயித்த கதை உங்களுக்கே தெரியும்.

ஆனால் எனக்கு அன்றைக்கு அந்த வாய்ச்சண்டை பெரிதில்லை. காக்கிநாடாக்காரர் விஹாரியிடம் அஸ்வின் பேசியது தமிழ். "பத்து பத்து பாலா ஆடு மாமா, நாப்பது பால்தான்." சிட்னி மைதானத்தில், ஸ்டம்புக்குள்ளிருந்து, நம் தெருவில் கேட்கிற அதே 'மாமா'! ஸ்கோர் புத்தகத்தில் அது இல்லை. வர்ணனையாளருக்குப் புரியவும் இல்லை. பந்துக்கும் பந்துக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருந்திருந்தால், அந்த டெஸ்ட்டைக் காப்பாற்றிய வாக்கியம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்து போயிருக்கும். என் சங்கடத்தை அன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது மணி. சரி, சுவருக்கு வருகிறேன். சுவர் பேசுமா என்று ஏங்கினேன் என்றேனே, ஒரு கோடை விடுமுறையில் பேசியது. எங்களில் ஒருவன் பந்தை வாளித் தண்ணீரில் முக்கிக் கொடுத்தான். டென்னிஸ் பந்து, நன்றாகக் குடித்துக்கொண்டது. போட்டேன். நடுக்கோட்டில் வட்டமாக ஈரத் தடம். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். பேட் சொந்தக்காரனும் வந்து பார்த்தான், விரலால் தொட்டுக்கூடப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றது என்று தம்பி குறித்துக்கொள்கிறார், தெரிகிறது. குறித்துக்கொள்ளட்டும். அவன் அவுட், நடுவர் அவர்களே.