பணஜி: சதுப்பைத் தூர்த்துக் கட்டிய தலைநகரம்

[காட்சி: அதிகாலை, மண்டோவி ஆறு. எதிர்க்கரையிலிருந்து ஃபெர்ரி வருகிறது.]

கோவா போகிறவர்கள் நேராகக் கடற்கரைக்குத்தான் ஓடுகிறார்கள். தலைநகரம் பணஜி பலருக்கு பஸ் மாறும் இடம், அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் வசித்தவர்கள் சுமார் 40,000 பேர். ஒரு மாநிலத் தலைநகருக்கு இது மிகச் சிறிய எண்.

இன்று கடையும் பேங்க்கும் ஹோட்டலுமாக இருக்கும் இந்த ஊரின் தாழ்வான பகுதி, ஒருகாலத்தில் சேறும் உப்பங்கழியும் தென்னந்தோப்புமாகக் கிடந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பணஜியின் பாதிக் கதை தானாகவே புரியும்.

[காட்சி: ஆற்றோரம் நிற்கும் பழைய தலைமைச் செயலகக் கட்டடம்.]

இந்தக் கட்டடத்தைப் பாருங்கள். பீஜப்பூர் சுல்தான் யூசுஃப் அடில் ஷாவின் ஆற்றங்கரை அரண்மனை இங்கேதான் இருந்தது. 1510-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் கோவாவைப் பிடித்தார். ஆனால் போர்த்துகீசியர் தலைநகராக்கியது பணஜியை அல்ல. ஆற்றில் இன்னும் உள்ளே, இப்போது பழைய கோவா என்கிறோமே, அந்த ஊரைத்தான். பணஜி அவர்களுக்கு வாசற்படி மாதிரி. லிஸ்பனிலிருந்து மாதக்கணக்கில் கடலில் கிடந்து வந்த மாலுமிகள், மேட்டின் மேல் இருந்த மாதா கோவிலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்களாம். 1541-இல் சிறு தேவாலயமாகத் தொடங்கி 1619-இல் எடுத்துக் கட்டப்பட்ட அந்தக் கோவில்தான், இன்று எல்லோரும் படிக்கட்டில் நின்று போட்டோ எடுக்கும் வெள்ளைக் கோவில்.

பழைய கோவாவை வீழ்த்தியது எதிரிப் படை அல்ல, நோய். காலராவும் மலேரியாவும் திரும்பத் திரும்ப வந்து ஊரைக் காலி செய்தன. 1759-இல் வைஸ்ராய் தன் ஜாகையை அடில் ஷா அரண்மனைக்கே மாற்றிக்கொண்டார். சுல்தான் வீடு வைஸ்ராய் வீடானது. 1961-இல் போர்த்துகீசியர் வெளியேறிய பிறகு அதுவே அரசுச் செயலகம். சட்டமன்றமும் 2000-இல் ஆற்றுக்கு அக்கரையில் போர்வோரிமுக்குப் போகும்வரை இங்கேதான் கூடியது. இத்தனை எஜமானர்களைப் பார்த்த கட்டடம் நம் நாட்டில் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, சதுப்பு என்ன ஆனது? 1827 முதல் 1835 வரை ஆட்சி செய்த டோம் மானுவேல் டி போர்ச்சுகல் இ காஸ்ட்ரோ அதைத் தூர்த்து, நேர்க்கோட்டில் தெருக்கள் போட்டார். 1843-இல் ஊர் அதிகாரபூர்வமாகத் தலைநகரானது. காகிதத்தில் பெயர் 'நோவா கோவா', அதாவது புதிய கோவா. ஊர்மக்களின் கொங்கணி வாயில் அது 'பொண்ஜே'யாகவே இருந்துவிட்டது.

[காட்சி: கசான் நிலம், மரக்கதவு வைத்த மதகு.]

தண்ணீரைத் தடுத்து நிலம் எடுப்பது கோவாக்காரர்களுக்குப் போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே கைவந்த கலை. பணஜியைச் சுற்றியுள்ள தாழ்நிலங்களில் கரை கட்டி நெல்லும் மீனும் உப்பும் எடுப்பார்கள். அதுதான் கசான் நிலம். கரையில் ஒரு மதகு, கொங்கணியில் மானஸ். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போது உப்புத்தண்ணீர் தள்ளுகிற தள்ளலிலேயே கதவு மூடிக்கொள்ளும். வற்றும்போது உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர் தள்ளித் திறக்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது.

நகரத்துக்குள் அந்தச் சாமர்த்தியம் எடுபடவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே கொட்டித் தீர்க்கும். கனமழையும் ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால், வடிகால் ஆற்றில் விழ முடியாமல் தண்ணீர் தெருவிலேயே நிற்கும். '18 ஜூன்' என்ற பெயருள்ள சாலையில் முழங்கால் தண்ணீர் என்று செய்தி வருவது இதனால்தான். அந்தத் தேதி, 1946-இல் மட்காவ் ஊரில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா போர்த்துகீசிய ஆட்சிக்கு எதிராகப் பேசக் கிளம்பிய நாள். கொஞ்ச தூரத்தில், ஃபோண்டெய்னாஸ் பகுதியில், 31 ஜனவரி தெரு. அது போர்ச்சுகல் சரித்திரத்தின் தேதி. இரண்டையும் யாரும் மாற்றவில்லை. ஃபோண்டெய்னாஸின் மஞ்சள், நீல வீடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இன்ஸ்டாகிராமே சொல்லிவிட்டது.

[காட்சி: கல் வளைவுகள் மேல் ஓடும் வண்டிகள்.]

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இந்த ரோடுதான். வைஸ்ராய் லின்யாரெஸ் பிரபு 1633-34-இல் கட்டியது. பணஜியிலிருந்து ரிபந்தர் வரை, உப்பளத்தின் நடுவே சுமார் 3 கிலோமீட்டர். இன்றும் பஸ் ஓடுகிறது. இதற்குப் பக்கத்தில் மண்டோவியின் மேல் கட்டிய கான்கிரீட் பாலம் என்ன ஆனது தெரியுமா? 1986 ஜூலை 5-ஆம் தேதி இடிந்து விழுந்தது. கட்டி இருபது வருடம்கூட ஆகவில்லை. அடுத்த பாலம் வரும்வரை ஊரே மறுபடியும் படகை நம்பி நின்றது. அடுத்த ஆண்டு, 1987 மே 30-ஆம் தேதி, கோவா தனி மாநிலமானபோது, தலைநகரத்தை வடக்கோடு இணைக்கும் பாலம் ஆற்றில் கிடந்தது.

இப்போது அங்கே வரிசையாகப் பாலங்கள். 2019-இல் திறந்த அடல் சேதுவும் ஒன்று. கீழே ஆற்றில் விளக்கு மின்ன நிற்பவை கேசினோ கப்பல்கள். மேசை போட்டு ஆடும் சூதாட்டத்துக்குச் சட்டம் கப்பலில்தான் இடம் கொடுத்தது. அதனால் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நகராமல் நிற்கும் கப்பல்கள்.

அவற்றைச் சுற்றிக்கொண்டு, பணஜிக்கும் பேட்டிமுக்கும் நடுவே அந்த ஃபெர்ரி இன்னும் போய்வருகிறது. சில நிமிடப் பயணம். நடந்து ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது.