கட்டைவிரலால் பைக் சீட்டைச் சோதிக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நெடுந்தூரம் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவோம், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்போம், டேங்க் பக்கம் நகர்வோம், மறுபடி பின்னால் போவோம். கண் சாலையில் இருக்கும், மனம் மட்டும் எங்கே வண்டியை நிறுத்தலாம் என்று தேடிக்கொண்டிருக்கும். பிரேக் பிடிக்க வேண்டிய கணத்தில் கவனம் வலியில் இருந்தால் என்ன ஆகும்? அதனால் நல்ல சீட்டை ஆடம்பரச் செலவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது பாதுகாப்புக்கான செலவு.

வேறு சீட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் என்ன செய்கிறார்கள்? கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். மெத்தென்று அமுங்கினால் திருப்தி. இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள்தான் எடையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. ஃபோம் மிகவும் மென்மையாக இருந்தால் அந்த முனைகள் அதை அமுக்கிக்கொண்டு நேராக அடித்தட்டு வரை இறங்கிவிடும். மேலே மெத்தை இருப்பது போலத் தோன்றும், உண்மையில் நாம் உட்கார்ந்திருப்பது கெட்டியான பிளாஸ்டிக் மேல். சதை நசுங்கும், ரத்த ஓட்டம் குறையும், கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். ஓரளவு கெட்டியான ஃபோம் முதலில் முரடாகத் தோன்றினாலும் எடையை விரிந்த பரப்பில் தாங்கி நிற்கும்.

கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடர்த்தி அதிகமான ஃபோம் சீக்கிரம் தொய்ந்துபோகாது, ஆனால் அது கெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடைக்காரரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மெமரி ஃபோம், அதாவது உடம்பின் சூட்டுக்கும் எடைக்கும் ஏற்ப மெல்ல அமுங்கும் வகை என்றால், அது கெட்டியான அடித்தளத்தின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக இருக்கட்டும். அதை மட்டுமே நம்பினால் மெல்ல மெல்ல அடிவரை இறங்கிவிடும். சீட்டுக்குள் வைக்கும் ஜெல் அடுக்கு அழுத்தத்தைப் பரப்பிவிடும், சரி. ஆனால் வெயிலில் வண்டி நின்றால் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டை வெகுநேரம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஃபோமைவிட வடிவம் இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கெட்டியான நாற்காலியில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டை வைத்து, அதன் மேல் சற்று முன்னால் குனிந்து சில நிமிடம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் இடைவெளி பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்கும். சீட்டின் தட்டையான பகுதி அந்த இரண்டு புள்ளிகளையும் தாண்டி அகலமாக இருக்க வேண்டும். அந்தப் புள்ளிகளுக்குக் கீழே தடித்த தையல் எதுவும் வரக் கூடாது. முன்பக்கம் டேங்கை ஒட்டிய இடம் மட்டும் குறுகலாக இருக்கட்டும், அப்போதுதான் கால் தரையில் எட்டும்.

ஒவ்வொரு முறை பிரேக் பிடித்த பிறகும் பின்னால் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் சீட் டேங்கை நோக்கிச் சரிந்திருக்கிறது. தொடை இடுக்கில் மரத்துப்போவதற்கு இந்தச் சரிவு ஒரு முக்கியமான காரணம். சீட்டின் உயரத்தைக் கூட்டினால் முழங்கால் மடங்குவது கொஞ்சம் குறையும், நிம்மதியாக இருக்கும். அதே சமயம் கை ஹேண்டில்பாருக்கு இன்னும் கீழே இறங்க வேண்டும், வண்டி நிற்கும்போது கால் ஊன்றுவதும் சிரமமாகும். இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள். இன்னொன்று, பின்பக்க ஷாக் அப்சார்பர் தளர்ந்துபோயிருந்தால் பழியெல்லாம் சீட் மேல் விழும். முதலில் அதை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது அவசரம் வேண்டாம். பல வண்டிகளில் சீட்டின் முன்னால் ஒரு நாக்கு இருக்கும், அது டேங்குக்குக் கீழே உள்ள கொக்கிக்குள் முழுமையாகப் போக வேண்டும். அடித்தட்டில் இருக்கும் ரப்பர் கட்டைகள் எல்லாம் ஃபிரேமில் பதிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் எடை சமமாகப் பரவாமல் பூட்டின் மேல் விழுந்து, நாளடைவில் அடித்தட்டு விரிசல் விடலாம். ஒயர் ஏதாவது நசுங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். பூட்டு விழும் சத்தம் கேட்டால் மட்டும் போதாது, முன்னாலும் பின்னாலும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். வளைவில் சீட் நகர்ந்தால் வண்டியே கைவிட்டுப் போகும்.

பழைய சீட்டையே பிரித்துப் புது ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்கிறீர்களா? நல்ல யோசனைதான். உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் ஊசித் துளை வழியாகத்தான் உள்ளே இறங்கும். ஒருமுறை ஊறிவிட்டால் ஃபோம் காய நாள்கணக்கில் ஆகும்.

புது சீட்டை மாட்டியதும் நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். ஃபோம் படிந்து உடம்புக்குப் பழகச் சில நூறு கிலோமீட்டராவது ஆகும். அதுவரை சின்னச் சின்ன ஓட்டமாக இருக்கட்டும்.

பின்சீட்டில் வருகிறவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவருக்குக் குறுகலான இடம், பிடிமானமும் குறைவு, போதாக்குறைக்குக் குழி வருவது முன்கூட்டியே தெரியாது. கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் ஏறி, பத்து இருபது நிமிடமாவது உட்கார்ந்து பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.