கடலோரக் காட்டேஜ், நமக்கென்று ஒரு ஹாட் டப்: மலையகத்திலிருந்து இறங்குவதற்கு முன்

[திரையில்: இலங்கை வரைபடம். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை ஆகிய இடங்களில் புள்ளிகள்.]

வணக்கம். கடலோரத்தில் ஒரு காட்டேஜ், அதில் நம் குடும்பத்துக்கு மட்டும் என்று ஒரு ஹாட் டப். இப்படி ஒரு விடுமுறையை மலையகத்திலிருந்து எப்படித் திட்டமிடுவது என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

வெயில் கொளுத்துகிற கடற்கரையில் சுடுதண்ணீர்த் தொட்டி எதற்கு என்று கேட்பீர்கள். நுவரெலியாவில் வேண்டும் என்றால் சரி, அது 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற குளிர் ஊர். கடற்கரையில் எதற்கு?

நம் குடும்பங்கள் கடலுக்குப் போனால் தண்ணீரில் இறங்குவது யார் என்று கவனியுங்கள். பிள்ளைகள் இறங்குவார்கள், அப்பா இறங்குவார், சித்தப்பா இறங்குவார். அம்மாவும் அப்பாயியும் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைப்பார்கள். அப்புறம் செருப்புக்கும் பைகளுக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். வருடம் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்த கால்கள் அவர்களுடையவை. தோட்டத்துப் பொதுப் பீலித் தண்ணீரில் அடுத்த ஆள் வருவதற்குள் அவசரமாகக் குளித்தே பழகியவர்கள். வேறு யாரும் பார்க்காத இடத்தில், இதமான சூட்டில், நிதானமாகத் தண்ணீரில் உட்காரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது என்றால் அந்தச் செலவு நியாயமானது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் மாதம், கரை, வீடு, தொட்டி எல்லாவற்றையும் அவர்களை மனதில் வைத்தே தேர்ந்தெடுப்போம்.

[திரையில்: வரைபடத்தில் இரண்டு அம்புகள், தென்மேற்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும்.]

முதலில் எந்தக் கரை? பாடசாலை விடுமுறை எப்போது வருகிறது என்பதே அதை முடிவு செய்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஹட்டன் பக்கம் நாமும் விடாத மழையில் நனைந்துகொண்டிருப்போம். ஆனால் அந்த மழையை நம் மலைகளே தடுத்துவிடுவதால் கிழக்கில் நல்ல வெயில். ஆகவே ஆகஸ்ட் விடுமுறை என்றால் யோசிக்கவே வேண்டாம்: திருகோணமலைப் பக்கம் நிலாவெளி, உப்புவெளி, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கை நனைக்கும். டிசம்பர் விடுமுறைக்குத் தென்கரைதான் சரி. ஏப்ரலில் இரண்டு பக்கமும் போகலாம், ஆனால் பின்னேரங்களில் இடியுடன் மழை வரும். இடிச் சத்தம் கேட்டதும் கடலிலிருந்து வெளியேறுவது போலவே திறந்தவெளித் தொட்டியிலிருந்தும் வெளியேறிவிட வேண்டும். ஏப்ரலில் இன்னொரு விஷயம், கொழும்பு ஆட்கள் வசந்த காலத்துக்காக நுவரெலியாவுக்கு ஏறி வருவார்கள். புத்தாண்டை ஒட்டிய நாட்களில் வாகன நெரிசல் கடுமையாக இருக்கும், விடியும் முன் வேனை எடுத்துவிடுங்கள்.

பாதையையும் பெரியவர்களை வைத்தே யோசியுங்கள். பதுளைப் பக்கத்துக்காரர்களுக்குப் பாசிக்குடா வசதி. பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு நகருக்குள் போகாமலே வாழைச்சேனைப் பக்கம் திரும்பிவிடலாம். பாசிக்குடாக் கடல் வெகு தூரம் வரை ஆழமில்லாமல், பெரிய அலையில்லாமல் இருக்கும். கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வீட்டில் இருந்தால் என் தெரிவு எப்போதும் பாசிக்குடாதான்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்காரர்கள் திருகோணமலைக்குப் போவதென்றால் கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. கண்டிப் பெரஹரா நடக்கும் நாட்களில் மாலையில் கண்டிக்குள் நுழைய வேண்டாம், பல வீதிகளை மூடிவிடுவார்கள். தென்கரைக்குப் பண்டாரவளையிலிருந்து எல்ல, வெல்லவாய வழியாக அம்பாந்தோட்டைக்கு இறங்கி, அங்கிருந்து அதிவேகப் பாதையில் மாத்தறைக்குப் போய்விடலாம்.

வழியில் இயற்கையான சுடுதண்ணீரும் இருக்கிறது. மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. திருகோணமலைக்கு அருகில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. இராவணன் தன் தாயின் கிரியைகளுக்காக உண்டாக்கியது என்பது ஐதீகம். இலங்கையில் எரிமலை எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் பாறைப் பிளவுகள் வழியாக மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடாகி, மறுபடி மேலே வருகிறது. கன்னியாவில் தொட்டி போல உள்ளே உட்கார முடியாது, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். அப்பாயியை அங்கே கூட்டிப் போனால் பயணத்தின் பாதி மகிழ்ச்சி அதிலேயே கிடைத்துவிடும்.

[திரையில்: மூன்று படங்கள் அடுத்தடுத்து. குளியலறைத் தொட்டி, முற்றத்துச் சிறு குளம், ஆவி பறக்கும் வட்டத் தொட்டி.]

சரி, வீட்டுக்கு வருவோம். ஏமாற்றம் அதிகமாக நடப்பது இங்கேதான். விளம்பரங்களில் 'ஜக்குசி' என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் குளியலறைக்குள் ஒருவர் மட்டும் சாயக்கூடிய தொட்டி, பக்கத்தில் நான்கு காற்றுத் துளைகள். 'பிரைவேட் பூல்' என்பது பெரும்பாலும் சூடாக்கும் வசதியே இல்லாத சிறு குளம். நாம் தேடுவது ஹீட்டர், வடிகட்டி, மூடி மூன்றும் உள்ள தொட்டி. ஆகவே படத்தை நம்பாமல் தொலைபேசியில் கேளுங்கள்: ஹீட்டர் இருக்கிறதா, எத்தனை கிலோவாட், எத்தனை பேர் உட்காரலாம், தொட்டி நமக்கு மட்டுமா அல்லது பக்கத்துக் கபானாவுக்கும் சேர்த்தா?

அப்புறம், எல்லாவற்றையும் விட முக்கியமாக மறைப்பு. தொட்டியைச் சுற்றி மதில் இருக்கிறதா? மேல்மாடியிலிருந்தோ பக்கத்து ஹோட்டலிலிருந்தோ பார்த்தால் தெரியுமா? வீட்டைப் பார்த்துக்கொள்பவர் முற்றத்தின் வழியாகத்தான் சமையலறைக்குப் போக வேண்டுமா? கண்காணிப்புக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது? தொட்டிக்குள் உட்கார்ந்தபடி நான்கு பக்கமும் சுற்றி எடுத்த ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல உரிமையாளர் தயங்காமல் அனுப்புவார். தயங்கினால் அந்த வீடு வேண்டாம். கடல் தெரிகிற காட்சிக்காக மறைப்பை விட்டுக்கொடுத்தால், அம்மா அந்தத் தொட்டிக்குள் இறங்கவே மாட்டார்.

[திரையில்: தொட்டி, ஹீட்டர், வெப்பமானி.]

இப்போது சூடு. 1,000 லீட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 1.16 யூனிட் மின்சாரம் தேவை. நான்கைந்து பேர் உட்காரும் தொட்டியில் 1,200 லீட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். கடற்கரையில் தண்ணீர் 28 பாகையில் இருந்தால், 37 பாகைக்குக் கொண்டுவர 12 அல்லது 13 யூனிட் போதும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு அது நான்கு மணி நேர வேலை. அதே தொட்டி நுவரெலியாவில் இருந்து, தண்ணீர் 16 பாகையில் தொடங்கினால் 29 யூனிட் ஆகும், பத்து மணி நேரம் ஓட வேண்டும். ஆகவே கடலோரத்தில் ஹாட் டப்புக்காகக் கேட்கிற மேலதிகக் கட்டணத்தைப் பேசிக் குறைக்க உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. பின்னேரம் இரண்டு மணிக்கு ஹீட்டரைப் போடச் சொன்னால் ஆறு மணிக்குத் தயாராக இருக்கும்.

எத்தனை பாகை வைக்கலாம்? 40 பாகைதான் உச்ச வரம்பு, அதற்கு மேல் யாருக்குமே கூடாது. கரையோரப் புழுக்கத்தில் 36, 37 போதும் என்பேன். தண்ணீருக்குள் வியர்வை ஆவியாகாது, உடம்பு சூட்டை வெளியேற்ற வழியில்லை. பதினைந்து நிமிடம் இருந்தால் எழுந்து வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள்.

பெரியவர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சுடுதண்ணீரில் இரத்தக் குழாய்கள் விரிவதால் அழுத்தம் குறையும். பிரஷர் மாத்திரை எடுப்பவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுந்துவிடலாம். மெதுவாக எழுந்து, படியில் கொஞ்சம் உட்கார்ந்து, ஒருவர் கையைப் பிடித்துத்தான் வெளியே வர வேண்டும். சீனி வருத்தம் நீண்ட காலமாக உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு அதிகமானாலும் தெரியாது. கொழுந்து மலையில் ஏற்பட்ட வெட்டோ ஆறாத அட்டைக்கடியோ காலில் இருந்தால் ஆறிய பிறகு இறங்கட்டும். இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹாட் டப் வேண்டவே வேண்டாம். குடித்துவிட்டு யாரும் இறங்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தண்ணீர் சுத்தமா என்று கண்ணால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். சுவரைத் தடவினால் வழுவழுப்பாக இருக்கக் கூடாது. மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். குளோரின் அழுக்கோடும் வியர்வையோடும் சேர்ந்துதான் அந்த வாடை வருகிறது. சூடான தண்ணீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும், கிருமிகள் பெருகி மயிர்க்கால்களில் சிவந்த கொப்புளங்கள் வரும். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி கூட அப்படிப்பட்ட தண்ணீரில் வளரும். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டி இருந்தால் குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (லீட்டருக்கு 3 மில்லிகிராம்), அமில-கார அளவான பிஎச் 7.0 முதல் 7.8 வரை காட்ட வேண்டும். அப்படியே மின்சாரப் பெட்டியில், மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். சுவிட்ச் விழாவிட்டால் தொட்டியில் இறங்க வேண்டாம்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுடுதண்ணீர் என்றதும் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துவிட்டு இறங்கத் தோன்றும். எண்ணெயும் மஞ்சளும் வடிகட்டியை அடைத்துவிடும், குளோரினையும் தின்றுவிடும். எண்ணெய்க் குளியலைக் குளியலறையிலேயே முடித்து, சவர்க்காரம் போக நன்றாக அலசிவிட்டு வாருங்கள். கடலிலிருந்து வந்தாலும் மணலைக் கழுவிவிட்டுத்தான். நீளமான முடியைக் கொண்டையாகக் கட்டிக்கொள்ள வேண்டும், உறிஞ்சு துளையில் முடி சிக்கினால் உயிராபத்து.

பணம் என்று வந்தால், சொல்கிற விலையில் எல்லாம் அடக்கமா என்று முதலில் கேளுங்கள். 20,000 ரூபாய் அறைக்கு 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 26,000 ஆகிவிடும். உள்ளூர்க்காரர்களுக்கான விலை வேறு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்து, ஒரு முழு வில்லாவை வாரநாளில் எடுப்பது மலிவு. போயாவும் வெள்ளியும் சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகளில் விலை ஏறும்.

முற்பணம் கட்டும் முன் ஒன்றைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள். மழைக்காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் நம் மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடும், வீதிகள் மூடப்படும். கடற்கரையில் இருக்கிற உரிமையாளருக்கு அங்கே வெயில்தான் தெரியும். 'வீதி மூடப்பட்டால் திகதியை மாற்றித் தருவோம், பணம் கழிக்க மாட்டோம்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்க வேண்டும். அது வந்த பிறகு வேன்காரரிடம் நாள் சொல்லுங்கள்.