இரண்டு ஃபாயில் நாடா, ஒரு கட்டை பேட்டரி

வணக்கம் மக்களே. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபேனையும் நிறுத்தியாயிற்று.

இது சப்பாத்தி சுற்றுகிற ஃபாயில்தான். அரை சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு நாடா வெட்டி, நெருக்கமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். மேல்முனை இரண்டும் ஒரு ஒயரில், கீழ்முனை இரண்டும் இன்னொரு ஒயரில். இறுக்கிக் கட்டாதீர்கள், தொளதொளவென்று இருக்கட்டும். இப்போது கட்டை பேட்டரியில் தொடுகிறேன்... பார்த்தீர்களா, ஒட்டிக்கொண்டன! எடுத்தால் விலகிவிடுகின்றன. ஓரிரு நொடிக்கு மேல் தொடாதீர்கள், பேட்டரி சுடும். நான் முதலில் பைக் பேட்டரியில் தொட்டேன். நாடா பட்டென்று எரிந்து அறுந்தது. அந்த வேலையே வேண்டாம்.

சரி, இப்போது கீழ்முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, பேட்டரியின் இரு முனைகளையும் மேலேயே கொடுக்கிறேன். மின்னோட்டம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும். தொட்டால்... இரண்டும் விலகி வளைகின்றன.

ஒரே திசையில் பாய்ந்தால் ஒட்டுகிறது, எதிரெதிராகப் பாய்ந்தால் விலகுகிறது. 'ஒத்தவை விலக்கும்' என்று படித்த மண்டைக்கு இது தலைகீழ். ப்ளஸ் டூவில் நானும் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த விதி மின்னூட்டத்துக்கும் காந்த முனைக்கும்தான். இரண்டு கம்பியிலும் மின்னோட்டம் மேலே போகிறது என்று வையுங்கள். இடது கம்பியை வலது கையால் பிடித்து, கட்டை விரலை மேலே நீட்டுங்கள். மற்ற விரல்கள் சுற்றுகிற திசைதான் காந்தப்புலம். வலது கம்பி இருக்கும் இடத்தில் அது உங்களைவிட்டு அப்பால் போகிறது. இனி வலது கம்பிக்கு இடது கை, ஃபிளெமிங் விதி: சுட்டுவிரல் காந்தப்புலம், அது அப்பால்; நடுவிரல் மின்னோட்டம், அது மேலே; கட்டை விரல் விசை. கட்டை விரல் எங்கே காட்டுகிறது? நேராக இடது கம்பியை.

டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்ட சேதி 1820 செப்டம்பரில் பாரிஸுக்கு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர், காந்தமே இல்லாமல் கம்பியைக் கம்பி இழுக்கும் என்று காட்டிவிட்டார். 1948 முதல் 2019 வரை ஆம்பியர் என்ற அலகுக்கே இந்த விசைதான் வரையறை: ஒரு மீட்டர் தள்ளி இரண்டு கம்பி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆம்பியர், மீட்டருக்கு 2×10⁻⁷ நியூட்டன். கொசுவின் எடையில் நூறில் ஒரு பங்குதான் வரும்!

ஆனால் இரண்டு மின்னோட்டத்தையும் பெருக்க வேண்டும், அங்கேதான் விஷயம். ஷார்ட் சர்க்யூட்டில் 20,000 ஆம்பியர் பாய்கிற கணத்தில், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் பஸ்பார்களில் (மின்பலகையில் பெரிய மின்னோட்டத்தைக் கொண்டுபோகிற தடித்த உலோகப் பட்டைகள்) மீட்டருக்கு 800 நியூட்டன். ஓர் ஆளையே தொங்கவிட்ட மாதிரி. பஸ்பாருக்கு நெருக்கமாகத் தாங்கி வைத்து இறுக்குவது இதற்காகவும்தான்.

கம்பி இரண்டு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இடிதாங்கியாக இருந்த ஒரு செப்புக் குழாய் மின்னல் பாய்ந்து நசுங்கிப் போனது. வெளியிலிருந்து யாரும் அடிக்கவில்லை. 1905இல் போலக், பாராக்ளோ இருவரும் ஆராய்ந்து சொன்ன காரணம் இதுதான்: குழாயின் ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்தை இழுத்திருக்கிறது, நம் ஃபாயில் நாடா மாதிரியே.