உருளைக்கிழங்கும் ஒரு தராசும்

(அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் மன்றத் தொடக்க விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியை அவர்களே, அறுவடை நேரத்திலும் வயலை விட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, வேளாண் துறையிலிருந்து வந்திருக்கும் உதவி இயக்குநர் அவர்களே, இந்தப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்த முன்னாள் மாணவர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். யார் பெயராவது விட்டுப் போயிருந்தால் பெரிய மனது வைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று எங்கள் அப்பாயி சொல்வார். நெல் அளக்கும்போதும் சொல்வார், குழம்புக்கு உப்புப் போடும்போதும் சொல்வார். இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, செடியின் திசுக்களில் நடக்கும் சவ்வூடு பரவலை, அதாவது மெல்லிய சவ்வு வழியே தண்ணீர் போய் வருவதை, கரைசலின் செறிவு எப்படி மாற்றுகிறது என்பது. செறிவு என்றால் தண்ணீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்ற அளவு. இதில் செறிவு, வெப்பநிலை, சவ்வின் தன்மை என்று மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். முதலில் செறிவு.

மாவடு போடுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் பாதி சொன்னால் போதும். பறித்த வடு கல்லாட்டம் இருக்கும். உப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். தண்ணீரே ஊற்றாத ஜாடியில் ரெண்டு நாளில் தண்ணீர் நிற்கிறது, வடு சுருங்கிப் போகிறது. அந்தத் தண்ணீர் வடுவுக்குள் இருந்த தண்ணீர்தான். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும். கரைந்திருக்கும் பொருளை அவ்வளவு எளிதில் விடாது. வெளியே செறிவு அதிகமானால் தண்ணீர் வெளியே போகும். உள்ளே அதிகமானால் உள்ளே வரும்.

இது பாதி. மீதிப் பாதி, எவ்வளவு என்ற கேள்வி. 1748-ல் பிரான்ஸில் நொல்லே என்ற பாதிரியார், சாராயம் நிறைந்த ஒரு பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். பை உப்பியது. பார்த்தார், எழுதி வைத்தார். ஆனால் இது ஒரு கணக்குக்குள் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1877-ல் ஜெர்மனியில் தாவரவியல் அறிஞர் பெஃபர், சவ்வு வழியே தண்ணீர் உள்ளே வரும்போது சர்க்கரைக் கரைசலில் எழும் அழுத்தத்தை, அது பாதரசத்தை எவ்வளவு உயரம் தாங்குகிறது என்று அளந்தார். 1 சதவீதக் கரைசலுக்குச் சுமார் 53 சென்டிமீட்டர், 4 சதவீதத்துக்குச் சுமார் 208, 6 சதவீதத்துக்குச் சுமார் 307. பிள்ளைகளே, 53-ஐ ஆறால் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய அதே எண் வருகிறதா? செறிவு ஏற ஏற அழுத்தமும் அதே அளவில் ஏறுகிறது. ஒரு செடி ஆராய்ச்சியாளர் அளந்து வைத்த இந்த எண்களை எடுத்துத்தான் வேதியியல் அறிஞர் வான்ட் ஹாஃப், செறிவையும் இந்த அழுத்தத்தையும் இணைக்கும் தன் விதியை எழுதினார். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னது சும்மா இல்லை.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவர், வேதாரண்யம் பக்கத்தில், கத்தரி போட்டிருந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. பக்கத்து வயலைவிடத் தன் செடி குட்டையாகத் தெரிகிறதே என்று மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு செடிக்கும் தூரிலேயே ஒரு கைப்பிடி காம்ப்ளக்ஸ் உரம் வைத்தார். மண்ணில் ஈரம் கம்மி. மறுநாள் உச்சி வெயிலில் இலை தொங்கியது. டீக்கடையில் ஒருவர், "பூச்சிதான்" என்றார். இன்னொருவர், "உரம் பத்தலைண்ணே" என்றார். சித்தப்பா ரெண்டாவது ஆள் பேச்சைக் கேட்டார். இன்னொரு கைப்பிடி வைத்தார். அதற்கும் மறுநாள் ஓரத்து இலையெல்லாம் கருகிவிட்டது. அவர் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் வரவில்லை.

அவருக்கு ஒரு மகள், அப்போது பத்தாம் வகுப்பு. கூப்பிடப் போனவள் செடியைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தாள். ஒரு சொம்பில் வாய்க்கால் தண்ணீர், இன்னொரு சொம்பில் அதே தண்ணீரில் ஒரு கைப்பிடி உரத்தைக் கரைத்து வைத்தாள். ஒரே உருளைக்கிழங்கைத் தோல் நீக்கி ஒரே நீளத்துக்கு வெட்டி ரெண்டிலும் போட்டாள். "குழம்புக்கு வாங்கின கிழங்கை ஏன்டி வீணாக்குறே?" என்று அம்மா சத்தம் போட்டார். காலையில் ரெண்டு துண்டையும் கழுவி அப்பா கையில் கொடுத்தாள். "வளைச்சுப் பாருங்கப்பா." ஒன்று படக்கென்று ஒடிந்தது. உரத்தண்ணீரில் கிடந்தது வளைந்ததே தவிர ஒடியவில்லை. "உங்க செடியோட வேரும் இப்படித்தான் கிடக்குது. நீங்க கொடுத்தது சாப்பாடு, ஆனா அது தண்ணியை வெளியே இழுத்துடுச்சு" என்றாள். சித்தப்பா மண்வெட்டியை எடுத்தார். வாய்க்காலைத் திறந்துவிட்டு, தண்ணீரை வடித்து, மறுபடி விட்டு வடித்தார். கடைசி வரிசைகள் தேறின. முன்வரிசைகள் போனது போனதுதான்.

அந்தப் பெண் அடுத்து ஒரு கேள்வி கேட்டாள். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாகச் சொன்னேன். "எந்த அளவு வரைக்கும் கிழங்கு விறைப்பா இருக்கும், எந்த அளவுல தொங்க ஆரம்பிக்கும்?" என்றாள். வீட்டில் பதில் இல்லை. பள்ளியிலும் இல்லை, ஏனென்றால் கிழங்குத் துண்டை எடை போடத் தராசு இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முறை கஷ்டமே இல்லை. சாதாரண வெள்ளைச் சர்க்கரை 342 கிராம் எடுத்து, கரைசல் மொத்தம் ஒரு லிட்டர் வருகிற மாதிரி கரைத்தால் அது 1 மோலார். மோலார் என்பது செறிவைச் சொல்லும் அலகு. அதிலிருந்து 0.8, 0.6, 0.4, 0.2 என்று நீர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் நீர். ஒவ்வொன்றிலும் எடை போட்ட துண்டுகளைப் போட்டு மூடி வைக்க வேண்டும். எடுக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் ஈரத்தை ஒற்றிவிட்டு மறுபடி எடை. எல்லாத் துண்டும் ஒரே எடையில் தொடங்காது. அதனால் மாற்றத்தைச் சதவீதமாகக் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். கோடு மேலிருந்து கீழே இறங்கும். அது பூஜ்ஜியத்தைக் கடக்கிற இடம் இருக்கிறதே, அதுதான் அந்தப் பெண் கேட்ட பதில். உருளைக்கிழங்குக்குப் பெரும்பாலும் 0.3 மோலார் பக்கத்தில் வரும். கிழங்கைப் பொறுத்து முன்பின் இருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் நின்றுவிடவில்லை. போகிற தண்ணீரும் வருகிற தண்ணீரும் சமம், அவ்வளவுதான். உப்பை வைத்துச் செய்தால் சுமார் பாதிச் செறிவிலேயே இந்த இடம் வந்துவிடும், ஏனென்றால் உப்பு கரையும்போது ரெண்டு அயனிகளாக, அதாவது மின்னூட்டம் உள்ள ரெண்டு துகள்களாகப் பிரிகிறது. கடலோரத்துப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26-ல் இந்த மாவட்டத்து வயல்களுக்குள் சுனாமியாகக் கடல் வந்தது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வயலில் தண்ணீர் நின்றது, ஆனால் பயிர் அதைக் குடிக்க முடியவில்லை. நல்ல தண்ணீர் விட்டு வடித்து, மழை கழுவி, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழுதுதான் மண்ணை மீட்டார்கள். மண்ணில் உப்பு கூடக் கூட அதன் சாறு மின்சாரத்தை அதிகமாகக் கடத்தும். அந்த மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன் என்ற அளவைத் தாண்டினால் அதை உவர்மண் என்கிறோம். நெல் நாற்று அதற்கு முன்பே சிரமப்பட ஆரம்பித்துவிடும். இதெல்லாம் எண்கள். எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் உரம் வைப்பதும் தண்ணீர் விடுவதும் ஆற்றில் அளக்காமல் போடுகிற வேலை.

விழாத் தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். வெப்பநிலையையும் சவ்வையும் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிவிடுவார்கள். வேகவைத்த கிழங்கு ஏன் இந்த ஆட்டத்துக்கு வராது என்று மட்டும் அவர்களிடம் கேளுங்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். நூற்றில் ஒரு பங்கு கிராம் காட்டுகிற சின்ன மின்னணுத் தராசு இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உருளைக்கிழங்குக்குள் குழி தோண்டிச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி ஆசிரியர் காட்ட, நாற்பது பிள்ளைகள் எட்டிப் பார்ப்பது போதாது. ஐந்து பேருக்கு ஒரு தராசு வேண்டும், அவர்கள் கையாலேயே எடை போட வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, இந்தச் செலவு ஒரு விழாப் பந்தலுக்கு ஆகிற செலவைவிடக் குறைவு. கல்வி அலுவலர் அவர்களே, ஊற வைக்கவும் எடை பார்க்கவும் நேரம் வேண்டும், அதனால் வாரத்தில் ஒரு நாளாவது அறிவியலுக்கு ரெண்டு பாடவேளையைச் சேர்த்துக் கொடுங்கள். வேளாண் உதவி இயக்குநர் அவர்களே, மண் பரிசோதனை முடிவுகள் வரும்போது ஒரு பிரதியை இந்தப் பள்ளிக்கும் அனுப்புங்கள். தன் அப்பா வயலின் எண்ணைப் பிள்ளை படித்துச் சொல்லட்டும்.

ஒரு தராசை நான் கொண்டு வந்திருக்கிறேன். அது இங்கேயே இருக்கும். ஆய்வகத்தில் ஆறு கரைசல்களும் தயாராக இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முதல் ஐந்து பேர் வாருங்கள், நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.