மயக்கம் வராத அடிகள்

தலையில் அடிபட்டவனிடம் நாம் முதலில் கேட்பது "மயக்கம் வந்துச்சா?" என்றுதான். இல்லை என்றால், சரி, போய் ஆடு என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மயக்கம் வராத அந்த அடிகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயில், ஒரே ஒரு பெரிய அடியைவிட, வருடக்கணக்கில் வாங்கிய சின்னச் சின்ன அடிகளின் மொத்தம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது.

குத்துச்சண்டை வீரர்களுக்குப் பின்னாளில் நடை தள்ளாடி, பேச்சு குழறுவதை மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே எழுதிவிட்டார். ஆனால் அது அவர்கள் தொழிலோடு போகிற விஷயம் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள்.

அப்புறம் 2002இல் மைக் வெப்ஸ்டர் இறந்தார். பந்தைக் கையில் ஏந்தி ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், சூப்பர் பௌல் என்ற சாம்பியன் போட்டியை நான்கு முறை வென்றவர், கடைசிக் காலத்தில் பிக்கப் வண்டியிலேயே படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்திருந்தார், வயது 50தான். பிட்ஸ்பர்க்கில் அவர் உடலைப் பரிசோதித்த மருத்துவர் பென்னட் ஒமாலு மூளையை வெளியே எடுத்துப் பார்த்தால் எந்தக் கோளாறும் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதோடு மூடியிருப்பார்கள். இவர் விடாமல் மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நரம்பிழைகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய டௌ புரதம் கழன்று திட்டுத்திட்டாகச் சேர்ந்திருந்தது. இந்த நோயில் அது மூளை மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றித்தான் தொடங்குகிறது. தலை சட்டென்று திரும்பும்போது அதிகம் இழுபடும் இடமும் அதுதான். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், கட்டாயம் போடுங்கள், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

நாம் ஆடும் கால்பந்திலும் இதே கதைதான். இங்கிலாந்தின் ஜெஃப் ஆஸ்லே தலையாலேயே கோல் போட்டுப் பேர் வாங்கியவர். 59 வயதில் இறந்தபோது, தொழிலால் வந்த நோய் என்றே விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

பாஸ்டன் ஆய்வில் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடிய 111 வீரர்களின் மூளைகளில் 110இல் இந்த நோய் இருந்ததாக 2017இல் வந்த செய்தியை வைத்துப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுத்தன, எல்லா வீரர்களுக்கும் அதே விகிதம் என்று கணக்குப் போட முடியாது.

பயிற்சியாளர்களே, போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை, பயிற்சியில் மோதலைக் குறையுங்கள். 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று அமெரிக்காவின் சாக்கர் (காலால் ஆடும் கால்பந்து) கூட்டமைப்பு 2015லேயே சொல்லிவிட்டது. பல வருடம் ஆடியவர்களுக்கு மறதியோ சிடுசிடுப்போ வந்தால் உடனே இதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். உயிரோடு இருக்கும்போது இந்த நோயை உறுதிசெய்ய இன்னும் வழியில்லை, ஆனால் அதே தொல்லைகளைத் தரும் மனச்சோர்வுக்கும் தூக்கக் கோளாறுக்கும் சிகிச்சை இருக்கிறது.